துடைப்பம், முட்கரண்டி, கொக்கி

அக்டோபர் 7, 2025, செவ்வாய். லேகாக்

சிப்பன்ஹாமில் ரயிலை விட்டு இறங்கியபோது பிடித்த தூறல், பஸ் என்னை லேகாக்கில் இறக்கிவிட்ட பிறகும் விடவில்லை. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள சின்னஞ்சிறு கிராமம். கல் வீடுகள், சாய்ந்த கூரைகள், ஆள் நடமாட்டமே இல்லாத நான்கு தெருக்கள். நான் வந்திருப்பது ஒரு ஜன்னலைப் பார்க்க.

பத்து வருடங்களாக நான் படம் எடுப்பது வீட்டுச் சாமான்களைத்தான். குழாய், மூடி, துணிக் கவ்வி, கயிற்று முடிச்சு, படிக்கட்டில் கழற்றிப் போட்ட செருப்பு. எங்கே போனாலும் கோபுரத்தை விட்டுவிட்டு அதன் அடியில் கிடக்கும் வாளியிடம் போய் நிற்பேன். ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்பதை மறந்தால்தான் அதன் வடிவம் கண்ணுக்குப் பிடிபடும் என்பது என் நம்பிக்கை. கரண்டியைக் கரண்டி என்று நினைக்கிறவரை அதன் வளைவு தெரியாது. இந்தக் காரியத்தை முதன்முதலில் செய்தவர்கள் நின்ற இடங்களில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்று மூன்று வருடம் பணம் சேர்த்தேன். பதினோரு நாள், ஒரு கேமரா, ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ்.

லேகாக் மடம் 1232-இல் கன்னியாஸ்திரீகளுக்காகக் கட்டப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டின் வீடானது. அதன் தெற்குக் கூடத்தில், ஈயப் பட்டிகளால் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. 1835 ஆகஸ்டில் டால்பட் அந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு சிறிய மரப்பெட்டிக் கேமராவை வைத்து, வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில் அதன் உருவத்தைப் பிடித்தார். இன்று நம் கையில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகடிவ் அதுதான். மூலம் பிராட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே ஜன்னலுக்குப் பக்கத்தில் நகல் மட்டும். அஞ்சல்தலையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். எடுத்த புதிதில் உருப்பெருக்கியால் பார்த்தால் ஏறத்தாழ 200 கண்ணாடிக் கட்டங்களை எண்ண முடிந்தது என்று அவரே குறித்து வைத்திருக்கிறார்.

நான் ஜன்னலையே எண்ணத் தொடங்கினேன். கூடத்துக்குப் பொறுப்பாக நாற்காலியில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி, நான் ஐம்பதைத் தாண்டும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "மூன்றாவது வரிசையில்தான் எல்லோருக்கும் தவறும்" என்றார். எனக்கும் அங்கேதான் தவறியது. அந்தப் பெட்டிகளை டால்பட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறி என்று அழைத்ததாக அவர் சொன்னார். படித்திருந்த செய்திதான். ஆனாலும் அந்த வீட்டுக்குள் நின்று கேட்கும்போது, அறைக்கு அறை பொறி வைத்துவிட்டுக் காத்திருந்த மனிதர் எதிரே வந்து நிற்பதுபோல இருந்தது.

தூங்கப் போகுமுன் இதை எழுதிவிட வேண்டும். ஆரம்ப காலத்துப் படங்களில் பொருட்களே அதிகமாக இருப்பதற்கு, அவற்றின் மேல் எல்லோருக்கும் இருந்த பிரியம் மட்டும் காரணமில்லை. வெளிச்சம் பதிய வெகுநேரம் ஆனது. அசையாமல் இருந்தவை மட்டுமே படத்தில் தங்கின. ஜன்னலும் ஏணியும் பீங்கானும் பொறுமையாக இருந்தன. மனிதர்களால் அது முடியவில்லை.

சாப்பாட்டில் சிறு ஏமாற்றம். இந்த வட்டாரத்துக்கே உரிய லார்டி கேக்கை ஆசையோடு கேட்டேன். கடைப்பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது, உங்களுக்குச் சரிவருமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்குச் சரிவராது. சீஸ் போட்ட ஸ்கோனும் தேநீரும் 7 பவுண்ட். தூறல் மழையாகிவிட்டதால் 14 பவுண்டுக்குக் குடையும் வாங்க வேண்டியதாயிற்று. மரக் கைப்பிடி, கொக்கிபோல வளைந்தது. விலை உறுத்தினாலும் அந்த வளைவு மனதுக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 8, புதன். லேகாக்

மழை இல்லை. மேகம் மட்டும் கூரைமேல் உட்கார்ந்திருந்தது.

1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக டால்பட் வெளியிட்ட 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' தொகுப்பில் 24 படங்கள். அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் சாமான்கள், கண்ணாடிக் கோப்பைகள், வைக்கோற்போர், ஏணி. அவற்றில் என்னை இங்கே இழுத்து வந்தது ஆறாவது படம். திறந்த கதவு, உள்ளே இருட்டு, வாசலில் சாய்த்து வைத்த துடைப்பம். சுவரில் ஒரு லாந்தரும் குதிரையின் கடிவாளமும் தொங்குகின்றன. துடைப்பக் காம்பின் சாய்வும் கதவில் விழுந்த நிழலின் சாய்வும் ஒன்றுக்கொன்று துணையாகப் போகின்றன. 1844 ஏப்ரலில் எடுத்தது. அதற்குச் சில வருடம் முன்பே இதே துடைப்பத்தை அவர் முயன்று பார்த்திருக்கிறார். அந்தப் பழைய படத்துக்கு அவருடைய தாயார் வைத்த பெயர் 'துடைப்பத்தின் தனிமொழி'. இப்படிப் பெயர் வைக்கத் தெரிந்த ஒரு தாய் இருந்தது டால்பட்டின் கொடுப்பினை.

எங்கள் பாட்டி இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார். விளக்குமாற்றை வாசலில் நிறுத்தக் கூடாது. ஆள் வரும் சத்தம் கேட்டாலே அது கதவுக்குப் பின்னால் போய்விடும். பெருக்கும் நேரம் தவிர விளக்குமாற்றை நிதானமாகப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. அதனால்தான் இருபது வயதில் இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. மறைத்து வைக்க வேண்டியது நடு வாசலில், நல்ல வெளிச்சத்தில், யாருக்கும் அஞ்சாமல் நின்றது.

முற்றத்தில் ஒரு பணிப்பெண் இலைச்சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டி முடித்ததும் துடைப்பத்தை ஒரு மரக்கதவின் ஓரம் சாய்த்துவிட்டுக் கூடையை எடுக்கத் திரும்பினார். எத்தனையோ மணி நேரம் காத்திருந்தாலும் கிடைக்காத சாய்வு. நான் கேமராவைத் தூக்கியதைப் பார்த்தவர், "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்று ஓடி வந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். என் படத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்துவிட்டார். அந்தப் பணிவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உலகம் முழுவதும் கேமராவுக்கு முன்னால் முதலில் அப்புறப்படுத்தப்படுவது துடைப்பம்தான் போலும்.

எனக்குத் துடைப்பமே வேண்டும் என்று விளக்கினேன். இரண்டு முறை சொன்ன பிறகு புரிந்துகொண்டு, மகிழ்ச்சியோடு திரும்ப வைத்தார். ஆனால் இந்த முறை தலைகீழாக, நார் மேலே, காம்பு கீழே. "முதலில் இப்படி இல்லையே?" என்றேன். "அது ஒரு நிமிடத்துக்கு வைத்தது. உங்களுக்காக நிறுத்தி வைப்பதென்றால் இப்படித்தான் வைக்க வேண்டும். தலை கீழே இருந்தால் நார் வளைந்துபோகும்" என்றார்.

எடுத்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் என் மனதில் நின்றது அவர் சொன்ன வார்த்தைதான். தலை கீழே இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. தலை மேலே இருந்தால் முடிந்துவிட்டது. அப்படியானால் டால்பட்டின் கதவருகே இருப்பது ஓய்வெடுக்கும் துடைப்பம் இல்லை. யாரோ இப்போதுதான் கையை விட்டிருக்கிறார், இதோ திரும்பி வரப்போகிறார். இத்தனை வருடமாக நான் அதில் பார்த்தது ஒரு சாய்கோட்டை மட்டும்.

தேநீர்க் கடையின் வெம்மைக்குள் நுழைந்ததும் குளிர்ந்த லென்ஸில் நீராவி படிந்தது. துணியால் தேய்க்கத் துணிவில்லை. தானாகத் தெளிய நாற்பது நிமிடம் ஆனது. மதியம் முழுக்க வேறு படம் இல்லை.

அக்டோபர் 11, சனி. ஷலோன்-சுர்-சோன்

பிரான்சில் சோன் ஆற்றங்கரை ஊர். ஒளிப்படத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான நியெப்ஸ் 1765-இல் இங்கேதான் பிறந்தார். ஆற்றைப் பார்த்தபடி அவர் பெயரால் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே அவர் கையாண்ட மரப்பெட்டிக் கேமராக்கள், மூலைகள் தேய்ந்து, கரையான் தின்ற பலகைபோலக் கருத்து இருக்கின்றன.

வெளிச்சம் பட்டால் இறுகும் ஒருவகைத் தாரை உலோகத் தகட்டில் பூசுவார். இறுகாத பகுதியை லாவண்டர் எண்ணெயில் கரைத்து எடுப்பார். மிஞ்சுவது படம். அப்படி 1826 அல்லது 1827-இல், தன் கிராமத்து வீட்டு மாடி ஜன்னலில் இருந்து எடுத்ததுதான் இன்று உலகில் இருக்கும் மிகப் பழைய கேமராப் படம். கூரைகளும் சுவர்களும் உள்ள அந்தத் தகடு இப்போது அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

நான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தது நியெப்ஸின் இன்னொரு படத்தை. சாப்பாட்டுக்குத் தயாராக விரித்து வைத்த ஒரு மேசை. விரிப்பு, கத்தி, கிண்ணம், குப்பி, ரொட்டி. எந்த ஆண்டு எடுத்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மூலத் தகடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துவிட்டது. அச்சில் வந்த நகலைத்தான் நாம் பார்க்கிறோம். உலகத்திலேயே புதிய கருவி கையில் கிடைத்தபோது அந்த மனிதர் சாப்பாட்டு மேசையின் முன்னால் போய் நின்றிருக்கிறார். ஒரே ஒருவருக்கான மேசை.

இரவு உணவு கூழேர் என்ற சீஸ் உருண்டைகள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெறும் காற்று. ஒன்று 1 யூரோ 20 சென்ட். ஆறு சாப்பிட்டும் பசி அடங்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு. சேன்-லூ-து-வரேன்

நியெப்ஸின் அந்த மாடி ஜன்னல் உள்ள கிராமம் ஷலோனிலிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டர். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடைக்கவில்லை. நடந்தேன். தெருவோரம் ஒரு கல் நினைவுச் சின்னம், இந்தக் கிராமத்தில்தான் ஒளிப்பட வித்தை பிறந்தது என்று பெரிய எழுத்தில் சொல்கிறது. வீட்டின் கதவு பூட்டியிருந்தது. கோடையில் மட்டும் திறப்பார்களாம். விசாரிக்காமல் வந்தது என் பிழை.

பக்கத்தில் இருந்த திண்டில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. குடைக் கம்பி ஒன்று காற்றில் முறிந்தது. திரும்பும் வழியில் ஒரு பெண் காரை நிறுத்தினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. என் காலணிச் சேற்றைச் சுட்டி நான் தயங்கியபோது, இருக்கையில் ஒரு பழைய துண்டை விரித்தார். ஷலோனில் இறக்கிவிட்டுக் கையசைத்துப் போய்விட்டார். அன்று ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுக்காதது வருத்தமாகவும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய். பாரிஸ்

ஒரு வாரம் கழித்து வெயில்! மதியம் மூன்று மணிக்கு, ஒரு சிறிய உணவுக்கடையின் ஜன்னலோர மேசையில், சாய்வாக, மஞ்சளாக, ஒரு முழங்கை நீளத்துக்கு வந்து படுத்திருந்தது.

புடாபெஸ்ட்டில் பிறந்த ஆந்த்ரே கெர்தேஸ் 1925-இல் இந்த நகரத்துக்கு வந்தார். 1928-இல் அவர் எடுத்த ஒரு படத்தில் இருப்பவை ஒரு முட்கரண்டி, ஒரு தட்டின் விளிம்பு, அவற்றின் நிழல்கள். வேறு எதுவும் இல்லை. அது கண்காட்சிக்கும் போனது, வெள்ளிச் சாமான் செய்யும் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் விளம்பரத்துக்கும் போனது. கலையும் கடைச்சரக்கும் ஒரே முட்கரண்டியில் உட்கார்ந்தும் எது குறைந்தது? எதுவும் இல்லை. நான் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான். நிழலும் பொருளும் ஒரே எடையில் நிற்க முடியும் என்று அதுதான் சொல்லித் தந்தது.

ஆம்லெட்டும் வறுத்த உருளைக்கிழங்கும் வந்தன, 13 யூரோ. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் அந்த வெயில் பத்து நிமிடம் தாங்குமா என்பதே சந்தேகம். பாதி ஆம்லெட்டை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, முட்கரண்டியைத் தட்டின் விளிம்பில் சாய்த்தேன். நான்கு பற்களின் நிழலும் விரிப்பில் நீண்டன. எடுத்தேன். போதவில்லை. இன்னொரு கோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று கத்தியையும் அதன் பக்கத்தில் இணையாக வைத்தேன். இரண்டு நிழல்களும் சேர்ந்து ஒரு தண்டவாளம்போல ஓடின. லென்ஸ் துடைக்கும் துணியை எடுக்கப் பைக்குள் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது தட்டு இல்லை. ஆம்லெட் இல்லை. முட்கரண்டியும் கத்தியும் இல்லை. வெறும் விரிப்பும் வெயிலும் இருந்தன.

பரிமாறுபவர் அடுப்பறைக் கதவைத் தாண்டிவிட்டார். ஓடிப்போய்ச் சொன்னேன். எச்சில் தட்டு அதற்குள் கொட்டப்பட்டுவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். முகத்தில் கோபம் இல்லை, உண்மையான திகைப்பு இருந்தது. "எடுக்கச் சொன்னது நீங்கள்தானே?" என்றார். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றேன். அவர் என் மேசைக்கு வந்து, புதிய கத்தியையும் முட்கரண்டியையும் கூரைபோலச் சாய்த்து, நுனிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தார். "இது, இன்னும் சாப்பிடுகிறேன்." பிறகு இரண்டையும் இணையாகச் சேர்த்தார். "இது, முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள்." முப்பது வருடமாக அவர் மேசைகளைப் பார்க்கிறாராம். யாரும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. தூரத்தில் இருந்து கரண்டிகளைப் பார்த்தே வந்துவிடுவாராம்.

எனக்குச் சட்டென்று வாழை இலை நினைவுக்கு வந்தது. பந்தியில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்கிறோம். அதற்குப் பிறகு எந்தப் பாயச வாளியும் நம் முன்னால் நிற்பதில்லை. மூடிய இலையில் யார் பரிமாறுவார்கள்? இலை சொல்லிவிட்டது. இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. சில வருடங்களுக்கு முன் மடித்த இலை ஒன்றை நான் படம் எடுத்திருக்கிறேன். நடு நரம்பு, ஈரம், அரைவட்டத்தில் மடிந்த பச்சை. நண்பர்கள் பாராட்டினார்கள். அதை மடித்தவர் வயிறு நிறைந்து எழுந்து போனார் என்பதை நான் அந்தப் படத்தில் எங்குமே சேர்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

வேலையை மறந்தால் வடிவம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்கு வேலை தெரிந்திருப்பதால்தான் வடிவம் தெரிகிறது. இரண்டு கரண்டிகளுக்கு இடையே உள்ள கோணம் பத்து பாகை மாறினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அந்தக் கண் இல்லை.

அவர் ஒரு கூடை ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். பில்லில் சேர்க்கவில்லை. வெயில் போய்விட்டது. ரொட்டியைத் தின்றேன், கத்தியைக் கூரைபோலச் சாய்த்து வைத்துக்கொண்டு.

அக்டோபர் 15, புதன். வழியில்

முதல் ரயில் தாமதம், அதனால் கொலோனில் அடுத்த ரயில் தவறியது. நடைமேடையில் இரண்டு மணி நேரம். விரல்கள் விறைத்தன. சூப் 6 யூரோ, உப்பு அதிகம்.

அக்டோபர் 16, வியாழன். எஸன்

மறுபடியும் சாம்பல் நிற வானம். நிழல் என்பதே இல்லை. காலையில் விடுதி ஜன்னலைத் திறந்ததும் மனம் சோர்ந்தது. இந்தப் பயணம் முழுக்க நான் இந்த வானத்தோடுதான் மல்லுக்கு நிற்கிறேன்.

ஆனால் ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்க வட்டாரத்தில் உள்ள இந்த ஊரில் அப்படிச் சோர்வது நியாயமில்லை. பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி 1959 முதல் சேர்ந்து இந்தச் சுரங்க நாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கத்தின் தூக்குக் கோபுரங்கள், எரிவாயுக் கலன்கள். தினமும் அதன் அடியில் நடப்பவர்கள் நிமிர்ந்து பார்க்காத சாமான்கள். எதிர்நேராக, ஒரே மாதிரித் தூரத்தில், எடுத்த படங்களை ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று கட்டம் கட்டி மாட்டினார்கள். அவர்கள் காத்திருந்தது வெயிலுக்கு அல்ல, இதோ இந்த மூட்டமான வானத்துக்கு. நிழல் விழுந்தால் அது பொருளின் மேல் வேறொரு வடிவத்தை வரைந்துவிடும். நிழல் இல்லாத நாளில்தான் தொட்டி தொட்டியாக மட்டும் நிற்கும். 1990 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது. ஒளிப்படத்துக்காக அல்ல, சிற்பத்துக்காக!

சோல்ஃபெரைன் சுரங்க வளாகத்தில் மதியம்வரை நடந்தேன். 1932-இல் திறந்த பன்னிரண்டாம் எண் சுரங்கக் குழி, அதன் மேல் சிவப்பு இரும்புக் கோபுரம், ஒரே சீராகச் செங்கல் சுவர்கள். 1986-இல் கரி எடுப்பது நின்றது. 2001 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கெர்தேஸிடம் நிழலைக் கற்றவனுக்கு இந்த வெளிச்சத்தில் கை ஓடவில்லை. முதல் ஒரு மணி நேரம் எல்லாப் படமும் தட்டையாக வந்தது. பிறகு மெல்லப் புரிந்தது. நிழல் இல்லாதபோது விளிம்பு மட்டுமே மிச்சம். விளிம்பைப் பார்க்க வேண்டுமானால் சரியான உயரத்தில், சரியான நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஓர் அடி தள்ளி நின்றாலும் படம் பொய்யாகிவிடுகிறது. ஒரு வால்வுச் சக்கரத்துக்கு முன்னால் முக்காலியை இருபது முறையாவது நகர்த்தியிருப்பேன். முதுகு வலிக்கிறது. அந்த ஒரு படம் நிற்கும்.

மாலையில் ஃபோக்வாங் அருங்காட்சியகம். ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ஷ் இந்த ஊரில் பல வருடம் வேலை செய்த ஒளிப்படக்காரர். செடி, இரும்பு, கண்ணாடிக் குடுவை என்று எதையும் அருகில் போய்ப் பார்த்தவர். 1928-இல் வந்த தன் நூறு படங்களின் தொகுப்புக்குப் 'பொருட்கள்' என்று பெயர் வைக்க விரும்பினார். பதிப்பாளர் அதை 'உலகம் அழகானது' என்று மாற்றிவிட்டார். அந்த மாற்றம் எனக்கு இன்றும் வலிக்கிறது. பொருட்கள் என்று சொன்னாலே போதுமானதாக இருந்தது. 1944 குண்டுவீச்சில் இங்கே அவர் வைத்திருந்த சேகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது.

விடுதிக்குத் திரும்பும் வழியில் தெருமுனைப் பெட்டிக்கடை. சிறுவர்கள் கண்ணாடிப் பேழைகளைச் சுட்டிக்காட்ட, கடைக்காரர் ஒவ்வொரு மிட்டாயாக எண்ணிக் காகிதப் பையில் போடுகிறார். நானும் வரிசையில் நின்று 2 யூரோவுக்கு வாங்கினேன். எனக்குப் பின்னால் நின்ற சிறுவன், "பச்சைத் தவளை எடுங்கள், அதுதான் நல்லது" என்று சைகையால் சொன்னான். உண்மைதான், நன்றாக இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி. டார்ட்மண்ட்

கடைசி நாள். விடாத மழை. சோலர்ன் சுரங்கம் 1966-இல் மூடப்பட்டது. வண்ணக் கண்ணாடி வாசலும் பளிங்குப் பலகையில் பதித்த பித்தளைக் கருவிகளும் உள்ள இதன் இயந்திரக்கூடத்தை இடித்துத் தள்ள இருந்தார்கள். எதிர்ப்புக் குரல் எழுந்து, 1969-இல் காப்பாற்றப்பட்டது. குரல் கொடுத்தவர்களில் பெக்கர் தம்பதியும் உண்டு.

நுழைவாயில் அருகே சுவரில் கொக்கிகள் வரிசையாக இருந்தன. கம்பி முறிந்த என் குடையை ஒன்றில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். மழை காரணமாக ஆள் குறைவு. என்னோடு சேர்த்து ஐந்தாறு குடைகள், இரண்டு மூன்று மழைச்சட்டைகள்.

சுரங்கத் தொழிலாளிகள் உடை மாற்றிக் குளித்த கூடத்தில்தான் நாள் போனது. கூரையில் இருந்து சங்கிலிகள் தொங்குகின்றன, அவற்றின் முனையில் கொக்கிகள். ஒவ்வொருவருக்கும் ஒன்று. வேலைக்கு இறங்குமுன் தெருவில் போட்டுவந்த உடைகளைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைவரை ஏற்றிப் பூட்டிவிடுவார்கள். மேலே வெப்பக் காற்றில் துணி உலரும், தரையும் காலியாக இருக்கும். கீழே நின்று அண்ணாந்து எடுத்தேன். நிழலற்ற வெளிச்சத்தில் கொக்கிகள் ஒரு மொழியின் எழுத்துகள்போல வரிசையாகத் தெரிந்தன.

"க்ளுக் அவுஃப்" என்று பின்னால் ஒரு குரல். சுரங்கத்துக்காரர்களின் வணக்கம் அது. எழுபதைத் தாண்டிய ஒருவர். வேறொரு சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மழைநாளில் பொழுதுபோக்க இங்கே வருவாராம். ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டபோது டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுததாகக் கூச்சமில்லாமல் சொன்னார். ஆங்கிலத்தை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"இதில் எதைப் படம் எடுக்கிறீர்கள்?" என்றார். "கொக்கியின் வளைவை" என்றேன். அவரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "நாங்கள் பார்ப்பது இதில் எந்த உடை தொங்குகிறது என்பதை. ஷிப்ட் முடிந்து எல்லோரும் மேலே வந்துவிட்டால் வேலை உடைதான் இங்கே தொங்கும், அழுக்கு, கறுப்பு. வெளியே போட்டுப்போகும் நல்ல சட்டை இன்னும் மேலே தொங்கினால், அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார்." தன் கையை மேலே நீட்டி ஒரு கொக்கியைக் காட்டினார். குறிப்பிட்ட எந்தக் கொக்கியும் அல்ல. "குளித்துவிட்டு வரும்போது எல்லோரும் ஒரு தடவை மேலே பார்ப்போம். யாரும் சொல்லித் தந்ததில்லை."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கையை அழுத்திக் குலுக்கிவிட்டுப் போனார்.

உணவகத்தில் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் மசியலும் சாப்பிட்டேன், 8 யூரோ. காரத்துக்கு நாக்கு ஏங்கியது, ஆனால் சூடாக இருந்தது. பிறகு மறுபடியும் அந்தக் கூடத்துக்கே வந்தேன். கேமராவைப் பையில் வைத்துவிட்டுச் சுவரோரப் பலகையில் உட்கார்ந்தேன். காலையில் எடுத்தவற்றில் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. சங்கிலிகள் அசையவில்லை. ஜன்னலில் மழை வழிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியபோது படிகளில் அவசரமாகக் காலடிச் சத்தம் கேட்டது. நுழைவாயிலில் டிக்கெட் கொடுத்த பெண். மூச்சு வாங்க வந்து நின்றவரின் ஒரு கையில் டார்ச் விளக்கு, மறு கையில் என் குடை.

"கதவைப் பூட்டப் போனேன்" என்றார். "இது மட்டும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது."